ஏமன் பச்சோந்தியை முதன்முறை இனப்பெருக்கம் செய்வோருக்கான முழுமையான வழிகாட்டி

பச்சோந்தியை இனப்பெருக்கம் செய்ய விரும்புகிறவர் முதலில் தேடுவது ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கனடாவில் ஒரு அடுக்குமாடி வீட்டின் ஓர் அறைக்குள் மூன்று ஈடு முட்டைகளைப் பொரிக்கவைத்து, புதிதாக இறங்கிய நண்பர்கள் சிலர் தடுமாறுவதையும் பக்கத்திலிருந்து பார்த்த பிறகு, இணை சேர்ப்பதுதான் இந்த வேலையிலேயே சுலபமானது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். குஞ்சுகளுக்கான உணவிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுகிறவருக்கு இழப்பு குறைவு.

இங்கே சொல்வது ஏமன் பச்சோந்திக்கு உரியது. கடைகளில் வெய்ல்டு கமீலியன் என்ற பெயரில் விற்கப்படும் இந்த இனத்தின் தாயகம் ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும். மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்திக்கும் ஏறக்குறைய இதே முறை பொருந்தும் என்றாலும், அதன் முட்டைகளை அடைவைக்கும் வெப்பநிலை ஒழுங்கு வேறு. குட்டி போடும் ஜாக்சன் பச்சோந்திக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது.

1. சட்டத்தை முதலில் பாருங்கள்

தமிழ்நாட்டில் வேலியோரங்களிலும் கருவேல மரங்களிலும் காணப்படும் இந்தியப் பச்சோந்தி, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்படும் உயிரினம். அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். எனவே இந்தக் குறிப்புகளைக் காட்டிலிருந்து பிடித்த பச்சோந்திக்குப் பயன்படுத்த நினைக்கிறவர் இங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு இனமான ஏமன் பச்சோந்தியும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கிறது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இத்தகைய உயிரினங்களை வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகள் 2024-இல் வந்தன, பதிவு சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளம் வழியாக நடக்கிறது. குஞ்சு பொரிப்பதும் கைமாற்றுவதும் தெரிவிக்கப்பட வேண்டியவை என்பதால், பெற்றோரின் காகிதங்கள் சரியாக இல்லாதபோது குஞ்சுகளுக்கும் சிக்கல் வரும். சிங்கப்பூரில் பச்சோந்தியை வீட்டில் வளர்க்கவே அனுமதி இல்லை. மற்ற நாடுகளில் இருப்பவர்கள் நாட்டுச் சட்டத்தோடு தத்தம் நகராட்சியின் விதிகளையும் படித்துக்கொள்ளுங்கள்.

2. குஞ்சுகளின் கணக்கை முதலில் போடுங்கள்

ஒரு ஏமன் பச்சோந்தி ஒரு ஈட்டில் 20 முதல் 80 வரை முட்டையிடும். நடுத்தரமாக 40 குஞ்சுகள் பொரிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு குஞ்சு நாளொன்றுக்குக் குறைந்தது 10 சிறு பூச்சிகளையாவது தின்னும். அப்படியானால் தினமும் 400 பூச்சிகள், மூன்று மாதங்களுக்கு. இடையில் ஒரு நாள்கூட விடுமுறை கிடையாது. கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாத எண்ணிக்கை இது. பழ ஈயையும் கிரிக்கெட் பூச்சியையும் வீட்டிலேயே வளர்க்கக் கற்றுக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

இரண்டாவது கணக்கு, இடம். மூன்றாம் மாதத்துக்குள் ஒவ்வொரு குஞ்சுக்கும் தனிக் கூண்டு தேவைப்படும், ஏனெனில் பச்சோந்தி தனித்து வாழும் பிராணி. இன்னொரு பச்சோந்தியைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பதே அதற்கு ஓயாத அழுத்தம். 40 கூண்டுகளுக்கு இடமில்லாதவர், அத்தனை குஞ்சுகளை வாங்கிக்கொள்ள முறையான ஆட்கள் இருக்கிறார்களா என்பதை இப்போதே விசாரித்து வைக்க வேண்டும். எவரும் கிடைக்காதபோது வெளியே விட்டுவிடலாம் என்ற எண்ணம் கூடவே கூடாது: ஹவாயிலும் புளோரிடாவிலும் இந்த இனம் காட்டில் பரவி நிற்பதற்கு, வளர்த்தவர்கள் விட்டதும் தப்பியதும்தான் காரணம்.

இந்த இரண்டு கணக்குகளும் ஒத்துவரவில்லை என்றால், கிடைக்கும் முட்டைகளில் 10 அல்லது 12-ஐ மட்டும் அடைவைத்து, மீதியை முதல் நாளே உறைபெட்டியில் வைத்துவிடலாம். கருவளர்ச்சி மிகத் தொடக்க நிலையில் இருக்கும்போதே முட்டை வெளிவருவதால் இதைச் செய்வதில் தயக்கம் தேவையில்லை என்பது என் கருத்து. என் முதல் ஈட்டில் நான் அப்படிச் செய்யவில்லை. அடுத்த நான்கு மாதங்கள் பூச்சிகளுக்கு ஊழியம் செய்தே கழிந்தன.

3. ஜோடியைத் தேர்ந்தெடுத்தல்

ஆண் எது பெண் எது என்பதை இந்த இனத்தில் பொரித்த நாளிலேயே சொல்லிவிடலாம். ஆணின் பின்னங்கால் பாதத்துக்குப் பின்புறம் குதிகால் போல ஒரு சிறு முள் நீட்டிக்கொண்டிருக்கும். பெண்ணுக்கு அது இருக்காது. தலைக்கொண்டையின் உயரத்தை வைத்து இளம் பச்சோந்திகளைப் பிரிக்க முயல்கிறவர்கள் ஏமாறுகிறார்கள், ஏனெனில் கொண்டை வளர மாதங்கள் ஆகும்.

பெண் பச்சோந்தி நான்கு, ஐந்து மாதத்திலேயே முட்டை உருவாக்கத் தொடங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் அந்த வயதில் இணை சேர்த்தால், தன் எலும்புக்கே போதாத கால்சியத்தை அது முட்டை ஓட்டுக்குக் கொடுத்து நலிந்துபோகும். ஒரு வயது நிறையும்வரை காத்திருங்கள். எடை 100 கிராமை ஒட்டி இருப்பது நல்லது. எடை பார்க்கச் சமையலறைத் தராசைப் போன்ற ஒன்றை இதற்கென்றே தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை, அந்தத் தராசில் பிறகு மாவு அளக்கக் கூடாது.

ஆணும் பெண்ணும் ஒரே ஈட்டில் பிறந்த உடன்பிறப்புகளாக இருக்கக் கூடாது. ஒரே விற்பனையாளரிடம் ஒரே நாளில் வாங்கிய இரண்டு குட்டிகள் பெரும்பாலும் உடன்பிறப்புகளே.

வெளியிலிருந்து வந்த பச்சோந்தியை 60 முதல் 90 நாட்கள் வேறு அறையில் தனிமைப்படுத்தி, அந்தக் காலத்தில் இருமுறை அதன் எச்சத்தைக் கால்நடை மருத்துவரிடம் பரிசோதனைக்குக் கொடுங்கள். காக்சிடியா என்னும் ஒட்டுண்ணி வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் வளர்ந்த பச்சோந்தியிடம் தங்கியிருக்கும். அதுவே குஞ்சுகளுக்குப் போனால் கூட்டமாகச் சாகடிக்கும். ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் யார் என்பதை அறிந்துகொள்ளவும் இதுவே தருணம். அவசரத்தில் இரவு 10 மணிக்குத் தேடினால் கிடைக்க மாட்டார்.

4. பெண்ணைத் தயார்செய்தல்

இணை சேர்ப்பதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே பெண்ணின் கூண்டில் மூன்று விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும்: யூவிபி (பி வகைப் புறஊதாக் கதிர்) வெளிச்சம், வெப்பவிளக்கின் அடியில் வெயில் காயும் இடத்தின் வெப்பநிலை, உணவின் அளவு.

யூவிபி விளக்கு நீளமான டி5 குழல்விளக்காக, 6 சதவீத வகையாக இருக்கட்டும். சுருள் வடிவச் சிறு பல்புகள் ஒரு புள்ளியில் மட்டுமே கதிரைக் கொடுக்கின்றன, பச்சோந்தியோ கூண்டின் அகலம் முழுவதும் நடக்கிறது. யூவிபி கிடைக்காத பெண் எவ்வளவு கால்சியம் தின்றாலும் அதை உடலில் சேர்க்க முடியாது. கர்ப்பப்பை சுருங்கி முட்டையைத் தள்ளுவதற்கும் கால்சியம் தேவை என்பதால், முட்டை உள்ளே தங்கிச் சாகும் பல பெண்களின் கதை இந்த விளக்கில்தான் தொடங்குகிறது. குழல் எரிந்துகொண்டிருந்தாலும் அதன் யூவிபி மெல்லக் குறைந்துகொண்டே போகும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

வெயில் காயும் கிளையின் வெப்பநிலை பெண்ணுக்கு 27 டிகிரி செல்சியஸ் போதும். ஆணுக்கு 30 வரை கொடுப்பதைப் பார்த்துப் பெண்ணுக்கும் அதையே கொடுப்பது பரவலான தவறு. வெப்பமும் தீனியும் மிகும்போது பெண்ணின் உடல் அதைச் செழிப்பான பருவம் என்று எடுத்துக்கொண்டு 70, 80 முட்டைகளை உருவாக்கிவிடும். அவ்வளவு பெரிய ஈடு தாயின் ஆயுளைக் குறைக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், நான்கைந்து பூச்சிகள் என்ற அளவில் வைத்திருந்த என் பெண் 30-க்குச் சற்று மேல் முட்டையிட்டது. அதற்கு முந்தைய முறை, நான் அன்போடு ஊட்டிய காலத்தில், 61.

ஒவ்வொரு தீனியிலும் வைட்டமின் டி3 சேராத கால்சியப் பொடியை மெல்லியதாகத் தூவுங்கள். டி3-யும் பிற வைட்டமின்களும் சேர்ந்த பொடி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும். டி3 அளவுக்கு மீறினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூச்சிகளுக்கு முந்தைய நாள் கீரை, காரட், பூசணி கொடுத்துத் தின்னவைத்தால் அதன் சத்து பச்சோந்திக்குப் போய்ச்சேரும்.

5. முட்டையிடும் தொட்டியை இணை சேர்ப்பதற்கு முன்பே வையுங்கள்

இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவர்களே அதிகம். பெண் ஏமன் பச்சோந்தி ஆணே இல்லாமலும் கருவுறாத முட்டைகளை இடும். ஆகவே ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட எந்தப் பெண்ணின் கூண்டிலும் இந்தத் தொட்டி நிரந்தரமாக இருக்க வேண்டும். இடம் பிடிக்காவிட்டால் பெண் முட்டையை உள்ளேயே வைத்துக்கொள்ளும்.

தொட்டி 30 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் கொண்டிருந்து, மணலின் ஆழமும் 30 செ.மீ.-க்குக் குறையாமல் இருக்கட்டும். ஒளி ஊடுருவாத நிறத்தில் வாங்குங்கள், ஏனெனில் சுரங்கம் தோண்டிக்கொண்டு போகும் பெண் பக்கவாட்டில் வெளிச்சத்தைக் கண்டால் அந்த இடத்தைக் கைவிடும். கழுவிய ஆற்றுமணல் அல்லது குழந்தைகள் விளையாடும் மணல் நல்லது. உரம் கலந்த தொட்டிமண் வேண்டாம்.

மணலின் ஈரத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கையில் அள்ளி அழுத்தினால் பிடி கொழுக்கட்டை போல விரல் தடத்தோடு நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. பிறகு இரண்டு விரலால் மணலில் 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு சுரங்கம் போட்டுப் பாருங்கள். சுரங்கம் இடிந்து விழுந்தால் ஈரம் போதவில்லை. அந்தச் சுரங்கத்தை மூடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். பல பெண்கள் அதையே தொடக்கமாக எடுத்துக்கொண்டு தோண்டுகின்றன.

6. இணை சேர்த்தல்

பெண் தயாரா என்பதைத் தோல் நிறம் சொல்லும். இணையத் தயாரான பெண்ணின் பச்சை வெளிர்ந்து, உடலில் நீலப்பச்சைப் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். தயாரில்லாத பெண், அல்லது ஏற்கெனவே சினைப்பட்ட பெண், ஆணைக் கண்டதும் கரும்பச்சையாக இருண்டு, வாயைத் திறந்து சீறி, உடலை இருபக்கமும் ஆட்டும்.

முதலில் இரண்டு கூண்டுகளையும் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒரு மீட்டர் தொலைவில் சில நிமிடங்கள் வையுங்கள். பெண் இருளாமல் அமைதியாக இருந்தால் மட்டுமே அதை எடுத்து ஆணின் கூண்டில் விடுங்கள். ஆணைப் பெண்ணின் கூண்டுக்குக் கொண்டுபோனால் இடம் புதிதாக இருப்பதால் சுற்றிப் பார்ப்பதிலேயே நேரத்தைப் போக்கும். தன் கூண்டில் இருக்கும் ஆண் உடனே தலையை ஆட்டிக்கொண்டு அணுகும்.

அந்த முதல் அரைமணி நேரம் அங்கிருந்து நகர வேண்டாம். பெண் வாயைத் திறந்து எதிர்த்தால் காத்திருக்காமல் எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து முயலுங்கள். "பழகிவிடும்" என்று இரவு முழுக்க ஒன்றாக விட்ட ஒரு நண்பரின் பெண் பச்சோந்தி, காலையில் விலாவில் கடிகாயத்தோடு கூண்டின் மூலையில் கிடந்தது. பச்சோந்திகள் பழகுவதில்லை.

இணைந்தால் சில நிமிடங்களிலிருந்து அரைமணி வரை நீடிக்கும். இரண்டு, மூன்று நாட்கள் பகலில் மட்டும் சேர்த்து வைத்து, பெண் இருண்டு மஞ்சளும் நீலமுமான புள்ளிகளைக் காட்டத் தொடங்கியதும் பிரித்துவிடுங்கள். அந்தத் தேதியைக் கூண்டிலேயே எழுதி ஒட்டுங்கள். இனி எல்லாக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான்.

7. சினைக்காலம்

இணைந்த 20 முதல் 30 நாட்களில் பெண் முட்டையிடும். இந்த நாட்களில் அது வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும் என்பதால் கூண்டில் நீர் தெளிக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். கையில் எடுக்காதீர்கள். கடைசி வாரத்தில் வயிற்றின் இருபக்கமும் முட்டைகள் கோலிக்குண்டுகள் போலப் புடைத்துத் தெரியும்.

உணவைத் திடீரென நிறுத்துவதும், எப்போதும் மேல்கிளையில் இருக்கும் பெண் தரையில் இறங்கி அங்குமிங்கும் அலைவதும் இன்னும் சில நாட்களில் முட்டை வரும் என்பதற்கு அடையாளம். அன்றே மணலின் ஈரத்தை மறுபடி சோதித்து, கூண்டின் மூன்று பக்கத்தையும் துணியால் மூடிவிடுங்கள்.

8. முட்டையிடும் நாள்

இந்த நாளில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, அதுதான் பலருக்கும் கடினமாக இருக்கிறது. பெண் தலைகீழாக இறங்கித் தோண்டும், வெளியே வந்து ஓய்வெடுக்கும், இடத்தை மாற்றும். ஒரு நாளும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். விளக்கு அணைந்த பிறகும் சுரங்கத்துக்குள்ளேயே இருந்தால் எடுத்துக் கிளையில் வைக்காதீர்கள்.

தோண்டும்போது தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்று உணர்ந்தால் பெண் வேலையை நிறுத்திவிடும். என் முதல் அனுபவத்தில், மணல் விழும் ஓசையைக் கேட்டு ஆசை அடங்காமல் துணியின் ஓரத்தை இரண்டு விரல் அகலம்தான் விலக்கினேன். சுரங்கத்தின் வாயிலிருந்து ஒரு கண் மட்டும் என் பக்கமாகத் திரும்பியது. மற்றக் கண் மணலையே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தோடு சரி. வெளியே ஏறிவந்து மேல்கிளைக்குப் போனது, அடுத்த இரண்டு நாட்கள் மணலைத் தொடவில்லை. நல்லவேளையாக மூன்றாம் நாள் இட்டது. இப்போது பழைய கைபேசி ஒன்றைக் கூண்டுக்குள் பார்க்கும்படி வைத்து, அதன் கேமரா வழியாகவே பார்க்கிறேன்.

முட்டையிட்டு முடித்ததும் பெண் சுரங்கத்தை மூடி, பின்கால்களால் மிதித்துச் சமன்செய்யும். மூக்கெல்லாம் மணல் ஒட்ட, வயிறு ஒட்டிப்போய்க் கிளையேறி வரும்வரை பொறுத்திருங்கள். பிறகு நீண்ட நேரம் தண்ணீர் தெளியுங்கள். அடுத்த ஒரு வாரத்துக்குத் தீனியைத் தாராளமாகக் கொடுத்து, மெல்லப் பழைய அளவுக்குக் குறையுங்கள்.

9. முட்டை வராவிட்டால்

35 நாட்கள் கடந்தும் முட்டை வராத பெண், அல்லது பகலில் கண்ணை மூடிக்கொண்டு தரையில் கிடக்கும் பெண், அல்லது கண்குழி உள்வாங்கிக் கிளையைப் பிடிக்க வலுவிழந்த பெண்: இவற்றில் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். முட்டை உள்ளே தங்கிய பெண் இரண்டொரு நாளில் இறந்துவிடக்கூடும். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்து, நீர்ச்சத்தும் கால்சியமும், முட்டையைத் தள்ளத் தூண்டும் ஆக்சிடோசின் ஊசியும் கொடுத்துப் பார்ப்பார். பலிக்காவிட்டால் அறுவை சிகிச்சை.

வயிற்றை அழுத்தி முட்டையை வெளியேற்ற முயலாதீர்கள். உள்ளே ஒரு முட்டை உடைந்தாலே போதும்.

10. முட்டைகளை எடுத்து அடைவைத்தல்

முட்டைகளைத் தோண்டுவதற்கு முன்பே அடைப்பெட்டி தயாராக இருக்க வேண்டும். மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வெர்மிகுலைட் என்னும் ஈரம் காக்கும் கனிமத் துகளை நிரப்பி, எடைக்கு எடை கணக்கிட்டு நீர் சேருங்கள்: 100 கிராம் வெர்மிகுலைட்டுக்கு 80 கிராம் தண்ணீர். பதம் புட்டுமாவுதான். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். ஈரம் கூடினால் முட்டை நீரை அளவுக்கு மீறி உறிஞ்சி வெடிக்கும். குறைந்தால் வற்றிக் குழி விழும். இரண்டில் புதியவர்கள் அதிகம் செய்வது முதல் தவறு.

மணலைக் கரண்டியால் தோண்டாமல் விரலால் விலக்கிக்கொண்டே போங்கள். முட்டைகள் பெரும்பாலும் தொட்டியின் அடிவரை இருக்கும். வெளிப்பட்ட ஒவ்வொரு முட்டையின் மேற்புறத்திலும் மென்மையான பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளி மேலே இருக்கும்படியே எடுத்து வையுங்கள். கோழிமுட்டையைத் திருப்பிவிடுவது போல இதைத் திருப்பக் கூடாது, ஏனெனில் கரு வளரத் தொடங்கி ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகு முட்டை புரண்டால் கரு இறந்துவிடும். முதல் சில மணி நேரத்தில் புரண்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனாலும் பழக்கத்தை முதலிலேயே சரியாக வைத்துக்கொள்வது மேல்.

முட்டைகளைப் பாதியளவு புதைத்து, ஒன்றுக்கொன்று 2 செ.மீ. இடைவெளி விடுங்கள். ஒன்று கெட்டுப் பூஞ்சை பிடித்தால் அடுத்ததைத் தொடாமல் இருக்கவும், முட்டைகள் பொரிக்கும் காலத்துக்குள் நன்றாகப் பருத்துவிடும் என்பதாலும் இந்த இடம் தேவை.

பிறகு டப்பாவை மூடி, முழு டப்பாவையும் தராசில் வைத்து, எடையை மூடியின் மேல் எழுதுங்கள். மாதம் ஒருமுறை நிறுத்து, குறைந்த கிராமுக்குச் சமமான தண்ணீரை முட்டையின் மேல் படாமல் டப்பாவின் ஓரமாக ஊற்றினால் ஈரம் பற்றிய ஊகமே தேவைப்படாது. முட்டைகளும் நீரை உறிஞ்சும் என்பதால் எடை குறையாமலே வெர்மிகுலைட் காய்ந்துபோகலாம். விரலால் ஒருமுறை தொட்டும் பாருங்கள்.

வெப்பநிலை 26 முதல் 27 டிகிரி செல்சியஸ். இந்த இனத்தில் அடைவைக்கும் வெப்பம் பாலினத்தைத் தீர்மானிப்பதில்லை. எனவே ஆண் குஞ்சு வேண்டும், பெண் குஞ்சு வேண்டும் என்று வெப்பத்தைக் கூட்டிக் குறைப்பதில் பயனில்லை. வெப்பத்தைக் கூட்டினால் சீக்கிரம் பொரிக்கும் என்பது ஓரளவு உண்மை, ஆனால் அப்படிப் பொரிக்கும் குஞ்சுகள் சிறுத்தும் நலிந்தும் வருகின்றன. 30-ஐத் தாண்டவே கூடாது. இன்குபேட்டரின் முகப்பில் தெரியும் எண்ணை நம்பாமல், டப்பாவுக்குள் தனியாக ஒரு டிஜிட்டல் வெப்பமானியின் முனையை வைத்துப் பாருங்கள். என்னுடையதில் இரண்டுக்கும் 2 டிகிரி வித்தியாசம் இருந்தது.

11. காத்திருக்கும் மாதங்கள்

பொரிக்க 6 முதல் 9 மாதங்கள் ஆகும். முட்டை வெளிவரும்போது கரு மிகத் தொடக்க நிலையில்தான் இருக்கிறது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் வெளியிலிருந்து பார்க்க எந்த மாற்றமும் தெரியாது. இந்த இடைவெளியில்தான் நல்ல முட்டைகள் குப்பைக்குப் போகின்றன. இருட்டில் விளக்கடித்துப் பார்த்து, நரம்பு தெரியவில்லை, கருவுறவில்லை என்று முடிவுகட்டி இரண்டாம் மாதம் முழு ஈட்டையும் கொட்டியவரை எனக்குத் தெரியும். மூன்றாம் மாதம் கடந்த பிறகு விளக்கடித்தால் இளஞ்சிவப்பு ஒளியும் மெல்லிய நரம்புகளும் தெரியும். அதற்கு முன் பார்க்கவே வேண்டாம்.

மஞ்சளாகி, மெத்தென்று அமுங்கி, நாற்றமடித்தால் மட்டுமே முட்டையை அகற்றுங்கள். வெண்மையாக உப்பிய முட்டையின் மேல் சிறிது பூஞ்சை இருந்தால் உலர்ந்த பஞ்சால் துடைத்துவிட்டுக் காத்திருங்கள். வாரம் ஒருமுறை மூடியைத் திறந்து மூடினால் காற்றோட்டத்துக்கு அது போதும்.

ஐந்தாம் மாதம் தொடங்கியதும் பழ ஈ வளர்ப்பைத் தொடங்குங்கள். பறக்காத ஹைடெய் வகை ஈ நல்ல அளவு, ஆனால் ஒரு தலைமுறைக்கு மூன்று, நான்கு வாரங்கள் எடுக்கும்; மெலனோகேஸ்டர் வகை இரண்டு வாரத்துக்குள் வந்துவிடும் என்றாலும் உருவில் சிறியது. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, சர்க்கரை, வினிகர், ஈஸ்ட் இவற்றைக் குழைத்து ஜாடியில் போட்டால் தீனி தயார். வாரம் இரண்டு புதிய ஜாடி என்று தொடருங்கள். கிரிக்கெட் பூச்சியின் முட்டைகள் 30 டிகிரி வெப்பத்தில் இரண்டு வாரத்துக்குள் பொரிக்கும். முதல் பச்சோந்திக் குஞ்சு வெளிவந்த நாளில் அவற்றைத் தொடங்குவது காலம் கடந்த வேலை.

12. பொரிக்கும் நாட்கள்

பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன்பு முட்டையின் மேல் நீர்த்துளிகள் அரும்பும். வளர்ப்பவர்கள் இதை வியர்ப்பது என்கிறோம். அதுவரை உப்பியிருந்த முட்டை லேசாகச் சுருங்கும், பின் ஒரு முனையில் நட்சத்திரம் போலக் கீறல் விழும். மூக்கின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு குஞ்சு ஒரு நாள் முழுவதும் அசையாமல் இருக்கக்கூடும். செத்துவிட்டது என்று எண்ணி இழுத்துவிடாதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் மஞ்சள்கருவை அது வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் இழுத்தால் அந்தப் பை கிழியும்.

ஒரு முட்டை வியர்த்தது என்பதற்காக மற்றவற்றைக் கிளறவும் வேண்டாம். ஒரே ஈட்டின் முட்டைகள் சில நாட்களிலிருந்து சில வாரங்கள் வரை விட்டுவிட்டுப் பொரிக்கும்.

13. குஞ்சுகளின் முதல் மூன்று மாதங்கள்

தானாக நடமாடும் குஞ்சை மட்டும் வளர்ப்புக் கூண்டுக்கு மாற்றுங்கள். வாலோடு சேர்த்து 5 முதல் 7 செ.மீ. நீளமே இருக்கும் குஞ்சுகளுக்குப் பெரிய கூண்டு கொடுத்தால் தீனியைத் தேடிப் பிடிக்கத் திணறும். ஒரு சிறு கூண்டுக்கு 8 அல்லது 10 குஞ்சுகள் என்று பிரியுங்கள். தீக்குச்சிப் பருமனுள்ள குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக நிறைய வையுங்கள். செம்பருத்திச் செடி ஒன்று இருந்தால் ஒளிந்துகொள்ளவும் ஆகும், பிற்பாடு இலையைக் கடித்தாலும் தீங்கில்லை.

மேலே வெயில் காயும் இடம் 28 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. உடல் சிறியதென்பதால் நொடியில் சூடேறும், அதே வேகத்தில் நீரும் வற்றும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை மெல்லிய தூவலாகத் தண்ணீர் தெளித்து, இலைகளில் துளி நிற்கும்படி செய்யுங்கள். குஞ்சுகள் ஓடையும் கிண்ணமும் அறியா, துளியைத்தான் நக்கும்.

முதல் நாள் சில குஞ்சுகள் தின்னாது, மஞ்சள்கரு இன்னும் வயிற்றில் இருக்கிறது. இரண்டாம் நாளிலிருந்து காலையும் மாலையும் கால்சியம் தூவிய பூச்சிகளைக் கொடுங்கள். பூச்சியின் நீளம் குஞ்சின் இரு கண்களுக்கிடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. மாலையில் மீந்த கிரிக்கெட் பூச்சிகளைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், அவை தூங்கும் குஞ்சைக் கடிக்கும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உருவத்தை வைத்துக் கூட்டங்களை மறுபடி பிரியுங்கள். பெரிய குஞ்சு முதலில் தின்றுவிடுவது கண்ணுக்குத் தெரியும். அது கிளையின் உச்சியில் நிற்பதாலேயே சின்னது விளக்கடிக்கு வராமல் கீழே குளிரில் நிற்பது கண்ணில் படாது. வால்நுனி கடிபட்ட குஞ்சு ஒன்றைக் கண்டாலும் அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட வேண்டும். இரண்டாம் மாதத்தின் இறுதியில் ஆண்கள் நிறம் காட்டி மிரட்டத் தொடங்கும். அப்போது தனிக் கூண்டு.

மூன்று மாதம் நிறைவதற்கு முன் குஞ்சைப் பிறரிடம் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது அது தின்னும் பூச்சி, பழகிய வெப்பநிலை, பொரித்த தேதி, பெண்ணாயின் ஐந்தாம் மாதத்தில் மணல்தொட்டி வைக்க வேண்டும் என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

14. தாயின் அடுத்த ஈடு

முட்டைகள் இன்குபேட்டரில் இருக்கும்போதே தாய் மறுபடி முட்டையிடும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. பெண் ஏமன் பச்சோந்தி ஆணின் விந்தணுக்களை உடலில் சேமித்து வைத்துக்கொள்ளும். மறுபடி இணை சேர்க்காமலே மூன்று, நான்கு மாதங்களில் அடுத்த ஈட்டை இடும், அதுவும் கருவுற்றதாக இருக்கக்கூடும். ஆகவே முதல் ஈட்டை எடுத்ததும் மணலை அலசிப் புதிதாக நிரப்பித் தொட்டியைத் திரும்பக் கூண்டிலேயே வைத்துவிடுங்கள். தீனியையும் விளக்கின் வெப்பத்தையும் 4-ஆம் பகுதியில் சொன்ன அளவுக்கு இறக்கி, நாட்காட்டியில் 80-ஆவது நாளைக் குறித்துக்கொண்டு, அன்றிலிருந்து தினமும் மணலைத் தொட்டு ஈரம் பாருங்கள்.